கரியமில வாயு கூடினால் திராட்சைத் தோட்டத்துக் குளவிக்கு என்ன ஆகும்?

கரியமில வாயு செடிக்குச் சாப்பாடு, அது கூடினால் விளைச்சலும் கூடும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று ஒரு செய்தி வருகிறது. அடுத்த வாரமே, பருவநிலை மாறுவதால் பூச்சிகள் பெருகிப் பயிரையெல்லாம் தின்று தீர்க்கப் போகின்றன என்று இன்னொன்று வருகிறது. இரண்டையும் படித்தவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? செடியைப் பற்றிப் பேசுகிறவர் பூச்சியை விட்டுவிடுகிறார், பூச்சியைப் பற்றிப் பேசுகிறவர் அந்தப் பூச்சியைத் தின்கிற பூச்சியை விட்டுவிடுகிறார். தோட்டத்தில் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. திராட்சையை வைத்து இதைப் பார்க்கலாம், ஏனென்றால் நாளைய காற்றை இன்றே ஊதிப் பார்க்கும் திராட்சைத் தோட்டம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது.

முதலில் எண்கள்

காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் எத்தனை கரியமில வாயு என்பதுதான் பிபிஎம் என்ற அளவு. தொழிற்புரட்சிக்கு முன்னால் இது 280 அளவில் இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. அதே மலையில் 2013 மே மாதம் ஒருநாள் சராசரி முதல்முறையாக 400-ஐத் தொட்டது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டோம்.

இந்த வாயு இரண்டு வேலை செய்கிறது, அவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. பூமியைச் சூடாக்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது.

2. வெப்பம் ஒரு டிகிரிகூடக் கூடாவிட்டாலும், செடியின் உடம்பை நேரடியாக மாற்றுகிறது. இலையின் சத்து மாறுகிறது, அது விடும் வாசனை மாறுகிறது, தன்னைக் காத்துக்கொள்ளும் முறை மாறுகிறது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. வெப்பத்துக்குக் கடைசியில் வருவோம்.

உயிரியல் கட்டுப்பாடு என்றால் என்ன?

மருந்தடிக்காமல், பூச்சியை அதன் எதிரியை விட்டே அடக்குவது. தமிழ்நாட்டில் இதற்குக் கண்ணெதிரே நடந்த உதாரணம் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது, கொஞ்ச காலத்திலேயே பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் வெள்ளையாகப் பூத்துப்போனது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அப்புறம்தான் அந்த மாவுப்பூச்சி அடங்கியது.

தோட்டத்தில் வேலை செய்யும் இந்த எதிரிகளில் மூன்று வகை.

1. இரைவிழுங்கிகள். பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் போன்றவை. பிடித்துத் தின்கின்றன, அவ்வளவுதான்.

2. ஒட்டுண்ணிகள். பூச்சிக்குள்ளோ அதன் முட்டைக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடும் குளவிகள். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வரும். கரும்புத் தோகையில் முட்டை ஒட்டிய காகித அட்டையாகக் கட்டி விடும் டிரைக்கோகிரம்மா இந்த வகை. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களிலும் அதே இனத்தைச் சேர்ந்த குளவிகள் உண்டு, அரை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது.

3. நுண்ணுயிர்கள். புழுவின் குடலைக் கெடுக்கும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் பாக்டீரியா, பூச்சி மேல் வளரும் பூஞ்சைகள்.

மூன்றிலும் ஒட்டுண்ணிதான் கரியமில வாயு விஷயத்தில் கவனிக்க வேண்டியது. பொறிவண்டுக்கு ஒரு மாவுப்பூச்சி சத்துக் குறைவாக இருந்தால் இன்னொன்றைத் தின்று ஈடுகட்டிக்கொள்ளலாம். குளவிக் குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. வயிறும் வீடும் எல்லாமே அந்த ஒரே பூச்சிதான்.

கொடிக்குள் நடப்பது

திராட்சை சி-3 வகைச் செடி. நெல், கோதுமை, சோயா எல்லாம் இதே வகைதான். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி இவற்றில் கொஞ்சம் தடுமாறும், அதற்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துத் தொலைக்கும். காற்றில் கரியமில வாயு கூடினால் இந்தத் தடுமாற்றம் குறைந்து, ஒளிச்சேர்க்கை கூடுகிறது. "செடிக்குச் சாப்பாடு" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், இதுவரை அவர்கள் சொல்வது சரியும்கூட. அதற்குப் பிறகு நடப்பது இது:

1. இலையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடுகின்றன.

2. தழைச்சத்து (புரதத்துக்கு மூலமான நைட்ரஜன்) அதே வேகத்தில் கூடுவதில்லை. ஒரு செம்பு பாலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியது போல, இலை எடைக்குக் கிடைக்கும் புரதம் நீர்த்துப்போகிறது.

3. வாயு எளிதாகக் கிடைப்பதால் இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. தண்ணீர் மிச்சம், ஆனால் ஆவியாதல் குறைந்தால் இலை கொஞ்சம் சூடாகவும் இருக்கும்.

4. மிஞ்சிய கரிமத்தைச் செடி கெட்டியான திசுக்களிலும் துவர்ப்புப் பொருட்களிலும் போடலாம். எதில் எவ்வளவு என்பது பயிருக்குப் பயிர் மாறும்.

பூச்சிக்கு வேண்டியது சர்க்கரையை விடப் புரதம். ஆகவே இலை தின்னும் புழு, அதே புரதம் கிடைக்க அதிகம் தின்ன வேண்டியிருக்கிறது. தின்றாலும் வளர்ச்சி மெதுவாகிறது.

அமெரிக்காவின் இல்லினாயில் திறந்தவெளிச் சோயா வயலில் இதைப் பார்த்தார்கள். கரியமில வாயு கூட்டிய பகுதிகளில் ஒரு பருவத்தில் பூச்சி தின்ற சேதம் 57 சதவீதம் அதிகம். 2008-ல் அதே வயலிலிருந்து இன்னொரு முடிவு வந்தது, என் பார்வையில் முதலாவதை விட முக்கியமானது. பூச்சி கடிக்கும்போது செடி ஜாஸ்மோனிக் அமிலம் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும் (மல்லிகையிலிருந்து வந்த பெயர்), அதைத் தொடர்ந்து பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகும். கரியமில வாயு கூடிய வயலில் இந்த எச்சரிக்கை மங்கியது. அதாவது செடிக்குச் சாப்பாடும் கூடியது, காவலும் தூங்கியது.

இதே ஜாஸ்மோனிக் வழியில்தான் செடி குளவியைக் கூப்பிடும் வாசனையும் உண்டாகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜெர்மனியின் வளையங்கள்

ரைன் நதியோரம் ரைன்காவ் பகுதியில் கைசன்ஹைம் என்ற ஊர். அங்குள்ள திராட்சை, ஒயின் பல்கலைக்கழகத்தின் தோட்டத்தில் ரீஸ்லிங், கேபர்னே சாவிஞ்யோன் என்ற ஒயின் திராட்சை வகைகளின் கொடிகளைச் சுற்றி வட்டமாகக் குழாய்கள் நிற்கின்றன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அவை கரியமில வாயுவை விடும். உள்ளே இருக்கும் கொடிக்குச் சுற்றுப்புறத்தை விடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் வாயு கிடைக்கிறது. வெயில், மழை, காற்று, பூச்சி எல்லாம் இயல்பாகவே இருக்கும். பக்கத்திலேயே, வாயு கூட்டாத வளையங்களும் ஒப்பிட உண்டு.

இந்த 20 சதவீதம் என்பதுதான் இதன் அழகு. பல ஆய்வகங்களில் ஒரேயடியாக இரண்டு மடங்காக்கி, 800 பிபிஎம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது இந்த நூற்றாண்டின் கடைசியில் வரக்கூடிய மோசமான நிலை. கைசன்ஹைம் காட்டுவது இன்னும் சில பத்தாண்டுகளில், இன்று நடும் கொடி பார்க்கப்போகும் காற்று. ஒயின் திராட்சைக் கொடி முப்பது வருஷம் நிற்கும் பயிர், பருவத்துக்குப் பருவம் மாற்றிப் போட முடியாது.

வளையத்துக்குள் ஒளிச்சேர்க்கை கூடியது, மகசூலும் கூடியது. பூச்சிப் பக்கம் அவர்கள் எடுத்துக்கொண்டது ஐரோப்பியத் திராட்சை அந்துப்பூச்சி. லோபீசியா போட்ரானா என்று அறிவியல் பெயர். ஜெர்மன் திராட்சை விவசாயிகள் இதன் முதல் தலைமுறைப் புழுவை வைக்கோல் புழு என்பார்கள், புல் அறுத்துக் காயவைக்கும் காலத்தில் பூங்கொத்தில் வருவதால். இரண்டாம் தலைமுறை புளிப்புப் புழு, காய் புளிப்பாக இருக்கும்போது துளைப்பதால். துளை விழுந்த இடத்தில் சாம்பல் பூஞ்சை நுழைந்து கொத்தே அழுகும், உண்மையான நஷ்டம் அங்கேதான். புழு கடிக்கும்போது கொடியில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று பார்த்ததில், கரியமில வாயு கூடிய கொடி வேறு மாதிரி பதில் சொல்கிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். கடிபட்ட இடத்தில் மட்டுமில்லை, செடி முழுவதும் பரவும் பதில் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் புழு தின்பது பூவையும் காயையும், இலையை அல்ல. இலையில் தழைச்சத்து குறைந்தது என்ற கணக்கை அப்படியே எடுத்துக் காய்ப்புழுவுக்குப் பொருத்த முடியாது. சோயா முடிவைத் திராட்சை மேல் ஏற்றிச் செய்தி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

மாவுப்பூச்சியும் தேன் நிறக் குளவியும்

இப்போது நேராகக் குளவிக்கே வருவோம். பிளானோகாக்கஸ் ஃபைகஸ் என்பது திராட்சை மாவுப்பூச்சி. மத்தியதரைக் கடல் நாடுகள், தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியா என்று பெரிய திராட்சை நாடுகளின் தலைவலி. உரியும் பட்டைக்கு அடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும், இலைச்சுருள் வைரஸைக் கொடிக்குக் கொடி கடத்தும், இனிப்புக் கசிவைக் கொட்டிக் கொத்தைப் பிசுபிசுப்பாக்கிக் கரும்பூஞ்சை படியவைக்கும்.

இதன் எதிரிகளில் ஒன்று லெப்டோமாஸ்டிக்ஸ் டாக்டைலோபி என்ற குளவி. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கர்நாடகத்தில் எலுமிச்சை, காபித் தோட்டங்களின் மாவுப்பூச்சிக்காக 1983-ல் டிரினிடாடிலிருந்து கொண்டுவந்த குளவிதான். தேன் நிறம், மூன்று மில்லிமீட்டர் இருக்கும். மாவுப்பூச்சியின் மேல் ஏறி நின்று, உணர்கொம்பால் தட்டித் தட்டி, கிட்டத்தட்ட துணிக்கடைக்காரர் முழம் போடுவது போல அளவு பார்க்கும். அளந்து முடித்துத்தான் முட்டையை உள்ளே செருகும், ஒரு மாவுப்பூச்சிக்கு ஒரு முட்டை. சில வாரங்களில் மாவுப்பூச்சி பழுப்பு நிறப் பீப்பாய் போல உப்பி இறுகும், உள்ளிருந்து குளவி வட்டமாக மூடியை அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த அளவெடுப்பு எதற்கு என்பதில்தான் விஷயம்.

1. குளவி இனத்தில், கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எதை வைப்பது என்பது தாயின் கையில்.

2. பெண் குளவிக்கு உடம்பு பெரிதாக இருந்தால் அதிக முட்டை வைக்கலாம். ஆணுக்கு அளவு அவ்வளவு முக்கியமில்லை.

3. ஆகவே பெரிய மாவுப்பூச்சியில் பெண் முட்டை, சின்னதில் ஆண் முட்டை.

4. மாவுப்பூச்சியை அடக்குவது முட்டை வைக்கும் பெண் குளவி மட்டுமே. கூட்டத்தில் ஆண்கள் கூடினால் கட்டுப்பாடு தளரும்.

இப்போது கரியமில வாயுவைக் கூட்டுங்கள். கைசன்ஹைம் ஆய்வாளர்கள் 400, 800 பிபிஎம் என்று இரண்டு அளவில் இந்த ஜோடியை வளர்த்து, 2019-ல் முடிவைச் சொன்னார்கள். மாவுப்பூச்சி இட்ட முட்டைகளின் எண்ணிக்கை மாறவில்லை, வளர்ச்சிக் காலம் மாறவில்லை. ஆனால் வளர்ந்த பெண் மாவுப்பூச்சிகளின் உடல் சிறுத்தது. மேலே சொன்ன கணக்குப்படி அடுத்து என்ன நடக்க வேண்டும்? குளவி ஆண் முட்டைகளாக வைத்துத் தள்ள வேண்டும், பிறக்கும் குளவிகள் சின்னதாக வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. ஆண் பெண் விகிதம், உடல் அளவு, வெளிவந்த எண்ணிக்கை எதிலும் மாற்றமில்லை.

நல்ல செய்திதான். 'பூச்சி பெருகி எல்லாம் போச்சு' என்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். சாறு உறிஞ்சும் பூச்சியும் இலை கடிக்கும் புழுவும் வேறு வேறு என்பதையும் இது காட்டுகிறது. சாறு எப்போதுமே சர்க்கரை மிகுந்தும் புரதம் குறைந்தும் இருப்பது, அதிலேயே பிழைத்துப் பழகியது மாவுப்பூச்சி.

ஆனால் இந்தச் சோதனை மூடிய சூழலில் நடந்தது. குளவிக்கு முன்னால் மாவுப்பூச்சி தயாராக இருந்தது. தோட்டத்தில் யாரும் அப்படிப் பரிமாறுவதில்லை.

தேடுவதுதான் பாதி வேலை

ஏக்கர் கணக்கில் கொடி, அதில் ஏதோ ஒரு பட்டைக்கு அடியில் பூச்சி. மூன்று மில்லிமீட்டர்க் குளவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் வாசனையால். கடிபட்ட செடி தனக்கே உரிய ஆவிப் பொருட்களை விடுகிறது, குளவிக்கு அது "இங்கே வா" என்ற அழைப்பு.

கரியமில வாயு கூடினால் இந்த அழைப்பு என்ன ஆகும்? பின்லாந்தில் முட்டைக்கோஸை வைத்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு கடித்த முட்டைக்கோஸ் செடியின் வாசனையைத் தேடிப் போகும் ஒரு குளவி, இன்றைய காற்றில் வளர்ந்த செடிகளில் கடிபட்டதைச் சரியாகக் கண்டது. கூடுதல் கரியமில வாயுவில் வளர்ந்த செடிகளில் கடிபட்டதும் படாததும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தது. அதே ஆய்வில் ஓர் இரைவிழுங்கி நாவாய்ப்பூச்சி அந்த அளவுக்குக் குழம்பவில்லை.

என் கணிப்பில் பலவீனமான கண்ணி இதுதான். குளவியின் உடம்பு தாங்கிவிடும் போலிருக்கிறது, முகவரி தொலைந்தால்தான் ஆபத்து. திராட்சைக்கு இந்த அழைப்பு எந்த அளவுக்கு மங்கும் என்பதை முட்டைக்கோஸை வைத்து முடிவு கட்டக்கூடாது, வளையத்துக்குள் குளவியைப் பறக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் பூச்சிக்குச் சாதகமாகவும் போவதில்லை. இரண்டு எதிர் உதாரணங்கள்:

1. அசுவினியைப் பொறிவண்டு தாக்கும்போது அது ஓர் அபாய வாசனையை விடும், கூட்டத்தில் மற்றவை செடியிலிருந்து குதித்துத் தப்பும். உருளைக்கிழங்கை வைத்து 1990-களில் செய்த சோதனையில், கரியமில வாயு கூடியபோது அசுவினிகள் இந்த எச்சரிக்கைக்குச் சரியாக அசையவில்லை. பொறிவண்டுக்குக் கொண்டாட்டம்.

2. இலையில் தெளிக்கும் பேசில்லஸ் பாக்டீரியா. புழு அதிகம் தின்றால் விஷத்தையும் சேர்த்து அதிகம் தின்கிறது. கலிபோர்னியாவில் பச்சைப்புழுவை வைத்துப் பார்த்ததில் கூடுதல் கரியமில வாயுவில் இந்தத் தெளிப்பு நன்றாகவே வேலை செய்தது. அதே விஷம் செடிக்குள்ளேயே உருவாகும் பிடி பருத்தியில் கதை தலைகீழ். விஷமும் புரதம்தான், தழைச்சத்து நீர்க்கும்போது அதுவும் குறைகிறது.

வெப்பமும் சேரும்போது

கரியமில வாயு மட்டும் கூடினால் இலைப்புழு மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்தால் அதிக நாள் வெளியே இருக்கும், குளவிக்கு அதிக வாய்ப்பு. வெப்பம் கூடினாலோ புழு வேகமாக வளரும், அந்த வாய்ப்பு சுருங்கும். இரண்டும் ஒரே காற்றில் வந்து எதிரெதிராக இழுக்கின்றன.

ரைன்காவில் அந்துப்பூச்சிக்கு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. மூன்றாவது வந்தால் அதற்கும் பெயர் தயாராக இருக்கிறது: இனிப்புப் புழு, காய் பழுத்தபின் வருவது. கோடை நீண்டால் அதன் வரவு கூடும். அதற்கு எதிராக அங்கே பரவலாகச் செய்வது, தோட்டம் முழுக்க இனக்கவர்ச்சி மணக்குப்பிகளைத் தொங்கவிட்டு ஆண் அந்துப்பூச்சியைக் குழப்புவது. அந்த மணம் அறுவடை வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், வெயில் கூடினால் குப்பி வேகமாகக் காலியாகும்.

குளவிக்கு இன்னொரு சிக்கல். பூச்சி முட்டையிடும் வாரமும் குளவி பறக்கும் வாரமும் பொருந்த வேண்டும். இரண்டும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி வேகம் கூட்டுவதில்லை. கொடி முன்னதாகவே பூத்து, பூச்சி முன்னதாகவே வந்து, குளவி மட்டும் பத்து நாள் தாமதித்தால், சத்தும் வாசனையும் சரியாக இருந்தும் பயனில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில்

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் கணக்கு வேறு. ரைன்காவில் குளிர்காலம் வந்து பூச்சியை நிறுத்தும். இங்கே ஆண்டு முழுக்கப் பந்தலில் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் தொங்கும், மாவுப்பூச்சிக்கும் விடுமுறை கிடையாது. கொடி வளர்ச்சி கூடிப் பந்தல் அடர்ந்தால் மாவுப்பூச்சிக்கு நிழலும் மறைவும் கூடும், மருந்தும் உள்ளே போகாது. கரியமில வாயுவின் இந்தப் பக்கத்தைக் கவாத்துக் கத்தியாலேயே ஓரளவு சமாளிக்கலாம் என்பது ஒரு வசதி.

இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிக்கு விடப்படும் எதிரி கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. 1898-லேயே, காபியின் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது. அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை, ஆனால் மாவுப்பூச்சியைக் கண்டால் விடாது. வளர்ந்த வண்டும் மாவுப்பூச்சியைத் தின்னும், அதன் புழுவும் தின்னும். பொறிவண்டு வகை என்பதால் மேலே சொன்ன ஆண் பெண் கணக்குத் தொல்லையும் இதற்கு இல்லை, ஒரு மாவுப்பூச்சி சிறுத்தால் இன்னொன்றைச் சேர்த்துத் தின்னும்.

இதற்கு இடைஞ்சல் செய்பவை வேறு இரண்டு. இனிப்புக் கசிவை நக்க வரும் எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் விரட்டும். அதனால் தண்டில் எறும்பு ஏறாமல் தடுத்துவிட்டு வண்டை விடுவதுதான் முறை. இன்னொன்று நம் கண். கிரிப்டோலேமஸ் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலாக, அச்சு அசல் மாவுப்பூச்சி போலவே இருக்கும். கொஞ்சம் பெரிது, மெழுகு நீளம், தொட்டால் விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சி பெருத்துவிட்டது என்று நினைத்து இதன் மேலேயே மருந்தடித்துவிடுவது இன்றைக்கும் நடக்கிறது.